மிளகு வளர்த்த கள்ளி

பிப்ரவரி 11

அக்கா,

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. தீரவில்லை. போனில் உன் குரல் கேட்டால் வாயில் என்ன வருமோ எனக்கே தெரியாது, அதனால்தான் எழுதுகிறேன். பதில் போடுவதானால் நான் தட்டச்சு செய்கிற வக்கீல் ஆபீஸ் முகவரிக்கே போடு. வீட்டுக்கு வேண்டாம். இவர் லாரியை விட்டு எந்த நேரத்தில் இறங்கி வருவார் என்று சொல்ல முடியாது. உன் கையெழுத்தைப் பார்த்தால் வீடு இரண்டுபட்டுவிடும்.

நேற்று சாயங்காலம் மிளகுக்குட்டியின் அறையில் 'டப்' என்று ஒரு சத்தம். கண்ணாடியில் எதுவோ தெறித்தது. யாரோ ஜன்னல் வழியாகக் கல் விட்டெறிந்த மாதிரி. ஓடிப் போய்ப் பார்த்தால் ஜன்னல் சாத்தியிருக்கிறது. நான் நின்றுகொண்டிருக்கும்போதே இன்னொரு 'டப்'. ஏழு வயசுப் பெண் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி, "அம்மா, காய் வெடிச்சிடுச்சு" என்கிறாள்.

உன் கள்ளியின் காய்தான். போன மாதம் நீ வந்து கிளை வெட்டிய அன்றைக்கு, கீழே கிடந்த துண்டிலிருந்து இரண்டு காயைப் பறித்துப் பென்சில் டப்பாவில் ஒளித்துவைத்திருக்கிறாள். ஐந்து வாரமாக! அந்தச் செடியைத் தொட்டியோடு தூக்கிக் குப்பை வண்டியில் போட்டார் இவர். அது போய்விட்டது என்று நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அது என் பெண்ணின் தலைமாட்டிலேயே காய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

ஐந்து விதை கிடைத்தது. ஆறு இருந்ததாம். ஒன்று எங்கே போனது என்று தெரியவில்லை. கட்டிலை நகர்த்தி, மெத்தையை உதறிப் பார்த்துவிட்டேன். கிடைத்த ஐந்தையும் குப்பையில் போட்டேன். அவள் அழ ஆரம்பித்தாள். அழவிடாதீர்கள், கண்ணைக் கசக்கிவிடுவாள் என்று கண் டாக்டர் சொல்லியிருக்கிறார். கள்ளிப்பால் பட்ட இடது கண்ணில் புண் ஆறிவிட்டது, ஆனால் தழும்பு நிற்கிறது. அந்தக் கண்ணுக்கு எல்லாமே புகை மூட்டம்தான். அந்த நாளுக்குப் பிறகு அவள் எங்களிடம் எதையுமே கேட்டதில்லை, அக்கா. ஒரு பொம்மை கேட்கவில்லை. முதன்முதலாகக் கேட்டது இதைத்தான். "நான் வளர்க்கிறேம்மா" என்றாள். குப்பையைக் கொட்டிக் கிளறி ஐந்தையும் பொறுக்கி எடுத்துவிட்டேன்.

இந்த விதையில் விஷம் இருக்கிறதா? தொட்டால் என்ன ஆகும்? இதை மட்டும் சொல். வேறு எதையும் எழுத வேண்டாம்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனவள், போகிற போக்கில் என் நீலத் துண்டையும் கொண்டுபோயிருக்கிறாய். ஜோடியில் ஒன்று அது. அனுப்பிவை.

தங்கை


பிப்ரவரி 17

சின்னவளுக்கு,

விதையைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. வாயில் மட்டும் போடவிடாதே. பால் எல்லாம் செடியில்தான்.

வளர்க்கத்தான் போகிறாய் என்றால் ஒழுங்காகச் செய். பெருமணலைச் சலித்து, அதில் பாதி அளவுக்கு மண் கலந்துகொள். அதன் மேல் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி ஆறவை, பூஞ்சை செத்துப்போகும். மூடியிருக்கிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுத்து அடியில் ஓட்டை போடு. மண்ணைப் போட்டு, விதையை மேலாக வைத்து லேசாக அழுத்தினால் போதும், புதைக்காதே. தண்ணீரை மேலே ஊற்றாமல், டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து குடிக்கவிடு. மூடி போட்டு ஃபிரிட்ஜ் மேல் வை. அங்கே சூடு இருக்கும், மிளகுக்கு எட்டவும் எட்டாது.

தொலைந்த ஒன்றை நினைத்துப் பயப்படாதே. டைல்ஸ் தரையில் எதுவும் முளைக்காதடி.

கண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம் நீ. சொட்டு மருந்து எத்தனை வேளை? வெளிச்சத்தில் கூசுகிறதா? கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்று நீ நினைத்தால் இந்த வரியை அடித்துவிடு.

துண்டு என்னிடம்தான் இருக்கிறது. அனுப்ப மாட்டேன். வேறு வாங்கிக்கொள்.

அக்கா


மார்ச் 12

அக்கா,

அடேயப்பா, சலவைக் கடையில் மலை மலையாகத் துணியோடு கிடப்பவளுக்கு என் ஒரு துண்டு மேல் இவ்வளவு ஆசையா? வைத்துக்கொள். நன்றாக இரு.

எட்டாம் நாள் முளைத்தது. ஐந்தில் நான்கு. பச்சையாக ஒரு உருண்டை, அதன் மேல் தடித்தடியாக இரண்டு இலை. இதையா முள் என்று பயந்தேன் என்று சிரிப்புகூட வந்தது. மிளகு நாற்காலி போட்டு ஏறிப் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் சிரிப்புப் போய்விட்டது. டப்பாவை இறக்கி ஜன்னல் பக்கம் மேஜையில் வைத்தேன். நான் ஆபீஸ் போகும்போது அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியோடு போகிறேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து குழந்தையோடு உட்காருகிறார். அவரிடம் செடியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் புதிதாக ஒன்று சொல்லியிருக்கிறார். தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டி மூட வேண்டுமாம். அப்போதுதான் அடிபட்ட கண் வேலை செய்யுமாம். இல்லையென்றால் மூளை அந்தக் கண்ணையே கைகழுவிவிடுமாம். "ஏழு வயசு ஆயிடுச்சும்மா, ரொம்ப நாள் தள்ள முடியாது. ஜூலைக்குள்ள பலன் தெரியணும்" என்றார். தெரியாவிட்டால்? அதை அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

நல்ல கண்ணை மூடிவிட்டால் அவள் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறாள், அக்கா. என் முகத்துக்கு நேராக வந்து, "நீ சிரிக்கிறியா, அழறியாம்மா?" என்று கேட்கிறாள்.

முந்தாநாள் ஒரு முளை தலை சாய்ந்து கிடந்தது. தண்டின் அடி நூல் மாதிரி இளைத்துக் கண்ணாடி நிறத்துக்குப் போய்விட்டது. நேற்று இன்னொன்று. என்ன செய்வது, சீக்கிரம் எழுது. மீதி இரண்டும் போய்விட்டால் அவளிடம் நான் என்ன சொல்வேன்?

சேட்டைக்கும் குறைவில்லை. குளித்துவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட ஓடுகிறாள். துண்டை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறாள். தானாகக் காயட்டும் என்று விட்டுவிட்டேன்.

தங்கை


மார்ச் 16

சின்னவளே,

மூடியைத் திற. அதுதான் தப்பு. முளைத்த பிறகும் மூடியே வைத்திருந்தால் ஈரத்தில் அழுகிவிடும். நான் எழுதாமல் விட்டுவிட்டேன், என் மேல்தான் பிழை. முதல் நாள் ஒரு மணி நேரம் திறந்து வை, மறுநாள் இரண்டு, ஒரு வாரத்தில் மூடியே வேண்டாம். செத்ததைக் கரண்டியால் அடிமண்ணோடு எடுத்துப் போடு. மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். வெயிலில் கொண்டுபோய் நேராக வைத்துவிடாதே, சிவந்து சுருங்கும்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படி. செடி பெரிதாக ஆகப் பால் கூடும். தொட்டி மாற்றும்போதோ நகர்த்தும்போதோ துணியால் பிடிக்காதே. எந்தத் துணியாலும் பிடிக்காதே. செய்தித்தாளை மடித்துப் பிடி, பிடித்ததும் அந்தத் தாளைத் தூக்கிப் போடு. கையில் பால் பட்டால் தண்ணீர் போதாது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் விடாமல் குழாய்த் தண்ணீர், அப்புறம் நேராக ஆஸ்பத்திரி. இதைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டு.

மிளகைத் துண்டால் துடைக்காதே. ஈரத்தோடு ஓடினால் ஓடட்டும். அதற்காக அவளைத் திட்டாதே.

அக்கா


மே 2

அக்கா,

எழுதி ஒட்டிவிட்டேன். சோப்பு, குழாய்த் தண்ணீர், கால் மணி நேரம். இதெல்லாம் தெரிந்தவள் ஜனவரியிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? நீதானே அந்தச் செடியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாய்? நீதானே வெட்டினாய்? "நான் வெட்டும்போது பால் தெறிச்சிருக்கும்" என்று டாக்டரிடம் நீயே சொன்னாய், எங்கள் இரண்டு பேர் முன்னாலும்.

எனக்கு அந்த நாள் முழுக்க ஞாபகம் இருக்கிறது, அக்கா. நீ வாசலில் செருப்பைக் கழற்றியது, கத்தரிக்கோல் தேடியது, எல்லாம். அவள் விளையாடிவிட்டு உள்ளே வந்ததிலிருந்து அலறியது வரைக்கும் மட்டும் ஒன்றுமே இல்லை. வெட்டி எடுத்த மாதிரி. ராத்திரி படுத்தால் அதைத்தான் தேடிக்கொண்டு கிடக்கிறேன். அவள் உன் பக்கத்தில் நின்றாளா? எவ்வளவு பக்கத்தில்? நீ ஏன் அவளைத் தள்ளிப் போகச் சொல்லவில்லை?

போன வாரம் இவர் டப்பாவைப் பார்த்துவிட்டார். அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டேன். பேயறைந்த மாதிரி நின்றார். பிறகு, "இது என்ன? அந்தச் சனியனா?" என்று கையை ஓங்கிக்கொண்டு போனார். மிளகு ஓடிவந்து டப்பாவைக் கட்டிக்கொண்டாள். நல்ல கண் மூடியிருந்த நேரம் அது. மேஜை மூலையில் இடித்துக்கொண்டாள், ஆனால் விடவில்லை. "அப்பா, முள்ளு வந்திருக்குப்பா. நான் எண்ணுவேன், பாருங்க" என்று டப்பாவுக்குள்ளேயே முகத்தை வைத்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று... புகைமூட்டத்துக் கண்ணால் எண்ணினாள், அக்கா! பதினொன்று என்றாள். இவர் குனிந்து எண்ணினார். பன்னிரண்டு. இவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் கேட்டுவிட்டு, "கிட்ட வெச்சுப் பார்க்கிற சின்ன வேலை எதுவா இருந்தாலும் நல்லதுதான்" என்றார். அதனால் இப்போது தினமும் முள் எண்ணுவதுதான் அவளுடைய பாடம். இரண்டு மணி நேரமும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். முள்ளுக்கும் அவள் கண்ணுக்கும் நடுவே நான்கு விரல்தான் இருக்கிறது. தள்ளிப் போ என்றால் தெரியவில்லை என்கிறாள். இது என்ன கொடுமை, சொல்.

செடி இருக்கட்டும் என்று இவர் விட்டுவிட்டார். "ஆனா உங்க அக்கா இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. பேச எனக்கும் தோன்றவில்லை. நீ ஒரு பிள்ளையைப் பெற்றிருந்தால் அன்றைக்கு அவ்வளவு அலட்சியமாக இருந்திருக்க மாட்டாய்.

தங்கை


மே 9

சின்னவளுக்கு,

கடிதம் வந்தது. மூன்று பதில் எழுதி மூன்றையும் கிழித்தேன்.

வெயில் ஏறிவிட்டது. வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் வை. முள் எண்ணும்போது அவளுக்குச் சாதாரண மூக்குக் கண்ணாடி ஒன்று, பவர் இல்லாதது, வாங்கிப் போடு. முள் கண்ணில் படாது.

அக்கா


ஜூலை 3

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இவர் லோடு ஏற்றிப் போயிருக்கிறார். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன், தோளில் ஒரு துண்டு. மிளகு மேஜையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு செடியும் இப்போது என் சுண்டுவிரல் உயரம், தனித்தனிச் சின்னத் தொட்டியில். மூக்குக் கண்ணாடி வியர்வையில் வழுக்கிவிட்டது போல. தூக்கிவிடக் கையை எடுத்தவள் தொட்டியைத் தட்டிவிட்டாள். சத்தம் கேட்டு ஓடினேன். ஒரு செடி தலை ஒடிந்து கிடக்கிறது. அவள் இரண்டு விரலிலும் வெள்ளைப் பால்.

அழவில்லை அவள். கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள், சுவரில் ஒட்டியிருக்கிறதைப் படித்து வைத்தவள். நான்தான் பதறிவிட்டேன். தோளில் கிடந்த துண்டை உருவி அவள் விரலைத் துடைத்தேன். துடைத்த அதே கை, அதே துண்டோடு, அவள் முகத்து வியர்வையைத் துடைக்கப் போயிற்று. நான் நினைத்துச் செய்யவில்லை. கை தானாகப் போயிற்று, எத்தனையோ வருஷம் அப்படித்தானே அவள் முகத்தைத் துடைத்திருக்கிறேன்.

அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அம்மா, துண்டு எரியும்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள், அக்கா. மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

துண்டைத் தூக்கி எறிந்தேன். குழாயடிக்கு இழுத்துப் போய் சோப்புப் போட்டுக் கழுவினேன். மூன்று முறை, நான்கு முறை, அவள் "போதும்மா, தோல் உரியுது" என்கிற வரைக்கும். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலும் காட்டிவிட்டேன். இரண்டு கண்ணுக்கும் ஒன்றும் இல்லை.

ஆனால் எனக்குத் தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது.

அன்றைக்கு நீ வெட்டினாய். கிளையைப் பிடித்துக்கொண்டது நான். முள் குத்தாமல் இருக்க நீலத் துண்டை மடித்துப் பிடித்துக்கொண்டேன். வெட்டி முடித்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தாள். "மூஞ்சியைப் பாரு, எண்ணெய் வழியுது" என்று சொல்லி, அழுத்தி, கண்ணோரம் எல்லாம் துடைத்துவிட்டேன். நீ அப்போது பின்கட்டில் கத்தரிக்கோலைக் கழுவிக்கொண்டிருந்தாய். அவள் உன் பக்கத்தில் நிற்கவே இல்லை.

அவள் துண்டைக் கண்டு ஓடியதற்கு அர்த்தம் ஆறு மாதம் கழித்து எனக்குப் புரிகிறது. பெற்றவள் நான்.

நீ ஏன் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போனாய்? உண்மையைச் சொல்.

தங்கை


ஜூலை 8

சின்னவளே,

உனக்கு இது தெரியவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

ஒரு துணியைப் பார்த்தால் அதில் என்ன பட்டிருக்கிறது என்று சொல்வதுதான் என் பிழைப்பு. மை, வெற்றிலை, ரத்தம், எதுவானாலும் சொல்வேன். அவள் அலறியதும் நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். கதவைப் பூட்ட நான் நின்றேன். துண்டு நாற்காலியில் கிடந்தது. ஓரத்தில் பசை மாதிரி பால் காய்ந்திருந்தது, அதன் மேல் குழந்தை முகத்து அழுக்கு. கண் மை கூட ஒட்டியிருந்தது. அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை, "யாரு? யாரு பண்ணினது?" என்று கத்தினார். நீ சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாய். உனக்கு ஞாபகம் இல்லை என்று அப்போதே தெரிந்தது. குழந்தைக்கு நாளெல்லாம் மருந்து போட வேண்டியவள் நீ. நீ உடைந்துபோனால் யார் போடுவார்கள்? என் மேல் கோபம் வந்தால் நான் ஊர் தாண்டிப் போய்விடலாம். நீ எங்கே போவாய்? அதனால் நான்தான் என்று சொன்னேன்.

என்னைத் தியாகி ஆக்கிவிடாதே. பால் கண்ணைக் கெடுக்கும் என்று தெரிந்தே அந்தச் செடியைக் கொடுத்தவள் நான். "இந்தா, முள்ளு குத்தும்" என்று துண்டை மடித்து உன் கையில் கொடுத்ததும் நானேதான். என் கடைப் பழக்கம், எதற்கும் துணியைத்தான் எடுப்பேன். நான் சொன்ன பொய்யில் பாதி உண்மை இருந்தது. மே மாதம் நீ எழுதிய கடைசி வரி மட்டும் ரொம்ப வலித்தது. உண்மையை எழுதிவிட வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். மூன்று முறையும் மனசு கேட்கவில்லை.

மாப்பிள்ளையிடம் சொல்லாதே. எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் உன்னை அடிக்கிறவர் இல்லை, தெரியும். ஆனால் ஒரு நாள் அவர் உன்னைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டால் அதை நீ எப்படித் தாங்குவாய்? என்னைத் திட்டிக்கொண்டே இருக்கட்டும். எனக்குப் பழகிவிட்டது. இந்தக் கடிதத்தையும் கிழித்துப் போடு.

ஒடிந்த செடியைத் தூக்கிப் போடாதே. பக்கத்தில் கிளைக்கும்.

துண்டு கடையில் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. துவைக்கவில்லை. இருபது வருஷத்தில் நான் துவைக்காமல் வைத்திருக்கிற துணி அது ஒன்றுதான். தண்ணீரில் போட எடுப்பேன், மறுபடி உள்ளே வைத்துவிடுவேன்.

அக்கா


ஜூலை 24

அக்கா,

சொல்லிவிட்டேன்.

பதினோரு நாள் சொல்லாமல் இருந்து பார்த்தேன். சோறு இறங்கவில்லை. இவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் உன்னைப் பற்றி ஏதாவது ஒரு வார்த்தை விடுவார், நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நேற்று முன்தினம் கண் டாக்டரிடம் போனோம். நல்ல கண்ணை மூடிவிட்டு எழுத்துப் பலகையைக் காட்டினார்கள். மார்ச்சில் மேல் எழுத்து ஒன்றுதான் தெரிந்தது அவளுக்கு. இப்போது நான்கு வரி படித்தாள். ஐந்தாவதில் தடுமாறிவிட்டாள். தழும்பு போகாது, மற்ற கண் மாதிரி ஆகாது என்று டாக்டர் திரும்பவும் சொன்னார். "ஆனா இந்தக் கண்ணு நமக்குத் தங்கும்மா" என்றார். நான் அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். இவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கை முதுகில் இருக்கும்போது என்னால் இனியும் மறைக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மிளகைத் தூங்கவைத்துவிட்டுச் சொன்னேன். துண்டிலிருந்து எல்லாவற்றையும். உன் கடிதத்தையும் கையில் கொடுத்தேன், நீ கிழிக்கச் சொன்னதை. படித்தார். எழுந்து கீழே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், லாரியில் ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பவில்லை, விளக்கும் போடவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தார். அக்கா, மிளகு அலறிய அன்றைக்குக்கூட நான் அப்படிப் பயப்படவில்லை. இதோ கிளப்பிவிடுவார், இதோ போய்விடுவார் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேலே வந்தார். கண் சிவந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேஜையில் இருந்த ஒடிந்த செடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஆறு மாசமா உங்க அக்காவை நான் என்னென்ன பேசியிருக்கேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "நீ எழுதுறியா, இல்ல நானே போய்க் கூட்டிட்டு வரட்டுமா?" என்றார்.

என்னைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமலே இருந்துவிடுவாரோ, என்றைக்காவது சொல்லிவிடுவாரோ என்று இரண்டுக்கும் பயமாகத்தான் இருக்கிறது. காலையில் எழுந்ததும் முதலில் அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன். நீ வந்து பக்கத்தில் இரு.

மே மாதம் எழுதிய அந்த வரிக்கு என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. நேரில் வா, நான்கு அறை விடு.

ஒடிந்த செடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முளை விட்டிருக்கிறது. அதிலும் முள் வந்தாயிற்று. மொத்தம் எத்தனை என்று மிளகு உனக்குச் சொல்ல மாட்டாளாம். பெரியம்மா வந்து எண்ணட்டும், யார் எண்ணியது சரி என்று பார்க்கலாம் என்கிறாள்.

சனிக்கிழமை இவர் வண்டியோடு உன் கடைக்கு வருவார். அதற்குள் அந்தத் துண்டைத் துவைத்துவிடு, அக்கா.

தங்கை